ஒரு மூச்சு ராசா

உக்காருங்க ஐயா. அவசரப்படாதீங்க, ஆறு எங்கயும் ஓடிப்போயிடாது. உறைஞ்சு கிடக்குதே, எப்படி ஓடும்? நேத்து வெயில் கொஞ்சம் கூடுதலா அடிச்சிடுச்சு, மேல இளகியிருக்கு. வடக்குக் காத்து திரும்பினா மதியத்துக்குள்ள இறுகிடும். அப்ப நான் முன்னாடி நடப்பேன். நீங்க ஒட்டகத்தைப் பிடிச்சுக்கிட்டு இருபது அடி விட்டுப் பின்னாடி வரணும். பனி உடைஞ்சா நான் உள்ள விழுவேன். உடையலைன்னா நீங்க கடந்து போவீங்க. இதுதான் என் உத்தியோகம். மூளை வேண்டாத வேலையாப் பார்த்து எனக்குக் குடுத்திருக்காங்க.

மூட்டையில என்ன, மிளகுதானே? அதான் உங்க ஒட்டகம் விடாம தும்முது.

உங்க ஊர் கடலுக்கு அந்தப் பக்கம்னு சொன்னாங்க. அங்க ராசா எப்படி வர்றாரு? அப்பன் செத்தா மகன். அவ்வளவு சுலபமா. எங்க கித்தான் சனத்துக்கு அப்படி இல்லை ஐயா. நாங்க எட்டுக் குலம். மூணு வருசத்துக்கு ஒரு தலைவன். மூணு வருசம் ஆனதும் கொடியையும் முரசையும் அடுத்தவன் கையில குடுத்துட்டு, பேசாம ஆடு மேய்க்கப் போயிடணும். அது பழைய வழக்கம். இப்ப ஒரே ராசாதான், சாகுற வரைக்கும் ராசா. யெருகு ராசா. பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த யெருகுவும் நானும் ஒரே தாய்ப்பால் குடிச்சவங்க.

சிரிக்கிறீங்க பாருங்க. வழியில யாராவது சொல்லியிருப்பாங்க, ஆத்துத் துறையில ஒரு மூச்சு ராசான்னு ஒருத்தன் இருக்கான், அவன் வாயைக் கிளறாம வராதீங்கன்னு. அது நான்தான். மொகோன்னு பேரு, யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை. ஒரு மூச்சு விடுற நேரம் ராசாவா இருந்தேன். அந்த மூச்சையும் ஒழுங்கா விட்டேனான்னா அதுவும் இல்லை.

எங்க அம்மா பெரிய மதிலுக்குத் தெக்கே பொறந்தவ. படை போனப்போ பிடிச்சுட்டு வந்தாங்க. யெருகுவோட தாத்தா வீட்டுப் பங்குல வந்து சேர்ந்தா. குதிரைக்காரன் ஒருத்தனுக்குக் கட்டி வச்சாங்க, நான் பொறந்தேன். அதே மாசம் யெருகுவும் பொறந்தான். அவனைப் பெத்தவளுக்குப் பால் இல்லை, எங்க அம்மாவுக்கு இருந்தது. அவனுக்கு முதல்ல, மிச்சம் எனக்கு. அவன் வாசல் நிறைய நிப்பான். நான் எப்படி இருக்கேன்னு நீங்களே பாருங்க.

அரண்மனையில இப்ப ஒரு எழுத்தர் உக்காந்து அவன் கதையை எழுதறாராம். அவன் பொறந்தப்போ கூடாரம் பூரா ஒளி வெள்ளமாம். ஒளி இருந்தது வாஸ்தவம். விளக்கு கவிழ்ந்து கம்பளத்துல பத்திக்கிச்சு, எங்க அப்பன்தான் அணைச்சான். மூணாம் மாசமே எழுந்து நடந்தானாம். நான் பக்கத்துலயே கிடந்தேன் ஐயா. மூணாம் மாசம் அவன் செஞ்ச ஒரே காரியம் என் மேல மூத்திரம் போனதுதான். அதை அவர் எழுதியிருக்க மாட்டாரு.

ஆனா ஒண்ணு, பொய்யில்லாம சொல்றேன். எங்களுக்கு மூணு வயசு இருக்கும். பங்காளிச் சண்டையில அவன் தாத்தாவை வெட்டிட்டாங்க. பேரனையும் விடக்கூடாதுன்னு கூடாரம் கூடாரமாத் தேடி வந்தாங்க. எங்க அம்மா அடுப்புக் கரியை அள்ளி அவன் மூஞ்சியில பூசினா. ஒருத்தன் மட்டும் கரியா இருந்தா சந்தேகம் வருமேன்னு எனக்கும் பூசினா. வந்தவன் கேட்டான், "யாரு இது ரெண்டும்?" அவ சொன்னா, "என் புள்ளைங்க. இரட்டை." ஒருத்தன் கத்தி முனையால என் தாடையைத் தூக்கிப் பார்த்தான். நல்லா கவனிங்க, என் தாடையைத்தான். நான் ஊரே அதிர அழுதேன். யெருகு வாயைத் திறக்கலை. வந்தவங்களுக்கு என் அழுகையே போதும்னு ஆயிடுச்சு, திரும்பிப் போயிட்டாங்க.

அன்னிக்குப் பிடிச்ச வினை. இதுங்க ரெண்டும் ஒரே அச்சுன்னு ஊர் பூரா பேச ஆரம்பிச்சாங்க. கரி பூசினா உங்க ஒட்டகமும் என் அச்சுதான். ஆனா நான் அதை நம்பிட்டேன். எங்ககிட்ட கண்ணாடி ஏது, தண்ணியிலதான் முகம் பார்க்கணும். தண்ணி சும்மா இருக்காது, ஆடும். ஆடுற தண்ணியில நான் அச்சு அசல் யெருகு மாதிரியே இருந்தேன்.

அம்மா எந்த வேலை செஞ்சாலும் தெக்குப் பார்த்துதான் உக்காருவா. பால் கறக்கணும்னாலும் ஆட்டைத் திருப்பி நிறுத்திட்டுத் தெக்குப் பார்த்து உக்காருவா. எங்களுக்குப் பத்து வயசு இருக்கும்போது யெருகு கேட்டான், "அம்மா, உனக்கு என்ன வேணும்?" அவனும் அவளை அம்மான்னுதான் கூப்பிடுவான். "என் ஊருக்குப் போகணும்"னா. "நான் தலைவன் ஆனதும் அனுப்பறேன்"னான். விளையாட்டுப் புள்ளை சொன்ன சொல்லு. அவ அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. இருபத்தஞ்சு வருசம் பிடிச்சுக்கிட்டு இருந்தா. நானும் எனக்குன்னு அவன்கிட்ட எதுவும் கேட்டதில்லை ஐயா. அவ ஊருக்குப் போகணும். அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் தலைவனும் ஆனான். ஏழு சண்டைக்குப் போனான், ஏழுலயும் ஜெயிச்சான். நானும் ஏழுக்கும் போனேன், அவன் குதிரைக்குப் பின்னாடி. பின்னாடின்னா ரொம்பப் பின்னாடி. தலைவன் ஆன முதல் வாரமே அம்மாவை அனுப்பணும்னு சபையில பேச்சை எடுத்தான். ஆனா பிடிச்சு வந்த ஆளு குலத்துக்குப் பொது. ஒருத்தன் நினைச்சா விட முடியாது, எட்டுக் குலத்தலைவரும் தலையாட்டணும். அந்த எட்டுப் பேர்ல மூத்தவரு அவன் சித்தப்பா சியாபூ. "நம்ம தலைவனுக்குப் பால் குடுத்தவளை எதிரி ஊருக்கு அனுப்புவாங்களா? அங்க போய் எவனுக்குக் குடுப்பாளோ"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எட்டுப் பேரும் சிரிச்சாங்க. நானும் கொஞ்சம் சிரிச்சேன், பக்கத்துல நிக்கிறவன் என்ன பண்றது. யெருகு சிரிக்கலை. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

சியாபூவுக்கு நான் எப்பவும் "டேய் பால்காரி மகனே"தான். அவரு குதிரை ஏறும்போது என் முதுகுல காலை வச்சுத்தான் ஏறுவாரு. படி இருக்கும், பக்கத்துலயே இருக்கும். இருந்தாலும் என் முதுகுதான்.

மூணு வருசம் முடிஞ்சது, யெருகு கொடியைக் குடுக்கலை. ஆறு முடிஞ்சது, குடுக்கலை. இனிமே மாத்துறதே இல்லை, நானே சாகுற வரைக்கும்னுட்டான். அடுத்த முறை சியாபூவோட முறை, அவருக்கு வயிறு எரியாதா? ரெண்டு தடவை சதி பண்ணினாரு. ரெண்டு தடவையும் சாட்சி இல்லை. வெள்ளைக் குதிரை மேல சத்தியம் பண்ணிட்டுத் தப்பிச்சுக்கிட்டாரு. அப்பன் கூடப் பொறந்தவரைச் சாட்சி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. பண்ணினா எட்டுக் குலமும் எழுந்துடும்.

இப்படி இருக்கும்போதுதான் முடிசூட்டு நாள் வந்தது. எங்க முடிசூட்டு எப்படின்னு கேளுங்க, உங்க ஊர்ல போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஒன்பது கூடாரம் போடுவாங்க. ஒன்பது பேரு, ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி தொப்பி, ஆளுக்கு ஒரு கூடாரத்துல உக்காரணும். ஒருத்தன்தான் நிஜ ராசா, மத்த எட்டுப் பேரும் சும்மா. விடிஞ்சதும் குலத்தலைவருங்க மூப்பு வரிசையில வருவாங்க. ஆளுக்கு ஒரே ஒரு கூடாரம்தான் நுழையலாம். உள்ள இருக்கிறவனைப் பிடிச்சு "ராசா நீங்களா?"ன்னு கேக்கணும். சும்மா உக்காந்தவன் "நான் இல்லை"ன்னு சொல்லணும். வந்தவர் பேசாம வெளியே போயிடணும். நிஜ ராசா மட்டும் "நான்தான்"னு சொல்லணும். சும்மா உக்காந்தவன் "நான்தான்"னு சொன்னா தோலை உரிச்சிடுவாங்க. நிஜமாவே உரிப்பாங்க ஐயா, பேச்சுக்குச் சொல்லலை.

அந்த எட்டுப் பேர்ல என்னையும் போட்டான். மத்த ஏழு பேரும் நல்ல ஆகிருதி. என்னை எதுக்குப் போட்டான்னு எல்லாரும் முணுமுணுத்தாங்க. முகஜாடைதான்னு நான் சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுப் போயிட்டாங்க.

முந்தின நாள் அவனே வந்து எனக்கு உடுப்பு போட்டுவிட்டான். ராசா வந்து அடிமைக்காரி மகனுக்கு உடுப்பு போட்டுவிடறான், நினைச்சுப் பாருங்க. உள்ள ஒரு தோல் சட்டை போட்டான். மாட்டுத்தோலை நாலு மடிப்பா மடிச்சுத் தைச்சது, பலகை கணக்கா இருந்தது. என் நெஞ்சு அவன் நெஞ்சு அகலத்துக்கு வராதே, அதான். ஒண்ணொண்ணையும் யோசிச்சிருக்கான். இடுப்புக் கயித்தை மூணு தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். கயிறு விறைச்சிருந்துச்சு போல. அன்னிக்கு நல்ல குளிரு. "நாளைக்கு எவனாவது உன் முன்னாடி தொப்பியைக் கழட்டினா மயங்கிடாதே"ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். என்னை அவனுக்கு நல்லாத் தெரியும்.

கூடாரத்துலயும் எனக்குத்தான் நல்லது. அஞ்சாவது, நட்ட நடுவுல, ராசாவோட சொந்தக் கூடாரம். இதுல ஒரு கூத்து என்னன்னா, ராசா எந்தக் கூடாரத்துலன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா அஞ்சாவது, அஞ்சாவதுன்னு பேச்சு. எவனோ ஒரு முட்டாள் யெருகுவோட குதிரையைக் கொண்டுவந்து என் கூடாரத்துக்குப் பின்னாடியே கட்டிட்டுப் போயிருக்கான். ஆளுங்க அப்படி வாய்ச்சா ராசா என்ன பண்ணுவான்.

விடிஞ்சது. முரசு கேட்டுச்சு. மூத்தவரு முதல்ல வரணும், அவரு நேரா என் கூடாரத்துக்கு வந்தாரு. சியாபூ. வாசல் கம்பளத்தை விலக்கிட்டுக் குனிஞ்சு நுழைஞ்சாரு. உள்ள மங்கலாத்தான் இருந்தது, தொப்பி என் புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. அவரு தொப்பியைக் கழட்டினாரு. என் முன்னாடி மண்டி போட்டாரு. "அரசே"ன்னாரு. "ராசா நீங்களா?"

நான் என்ன சொல்லணும்? "நான் இல்லை." ரெண்டே வார்த்தை. பத்து நாளா மாட்டுக்கிட்டயும் ஆட்டுக்கிட்டயும் சொல்லிப் பழகியிருந்தேன். முப்பத்தஞ்சு வருசத்துல ஒருத்தரும் என்னை நீங்கன்னு சொன்னதில்லை ஐயா. என் முதுகுல ஏறின மனுசன் மண்டி போட்டு, நரைச்ச தலையைக் குனிஞ்சு, அவ்வளவு மெதுவாக் கேக்கறாரு. எனக்கு உள்ளுக்குள்ள என்னவோ வெண்ணெய் மாதிரி உருகிடுச்சு. வாய் தானாத் திறந்தது.

"நான்தான்"னேன்.

சத்தமா வேற சொல்லித் தொலைச்சேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருக்குன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். ஒரு மூச்சு. ஒரே மூச்சு நேரம் இந்த நாடு, குதிரை, ஆடு, ஆறு, மலை எல்லாம் என்னுது. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த மூச்சுல சியாபூ அங்கிக் கைக்குள்ளேயிருந்து கத்தியை எடுத்து என் நெஞ்சுல குத்திட்டாரு.

இங்க பாருங்க தழும்பு. நகம் அளவுதான். தோல் சட்டையில கத்தி மாட்டிக்கிச்சு. அவரு இழுக்கறாரு, வரலை. நான் அவரு தாடியைப் பிடிச்சுக்கிட்டேன், வேற என்ன பிடிக்கிறதுன்னு தெரியலை. அதுக்குள்ள நாலு பக்கமும் கூடாரத்துக் கம்பளத்தைக் கிழிச்சுக்கிட்டு ஆறு பேரு உள்ள குதிச்சாங்க, யெருகுவோட காவல் ஆளுங்க. விடியறதுக்கு முன்னாடியே அங்க வந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்களோ தெரியலை. குளிருக்கு ஒதுங்கியிருப்பாங்க. சியாபூவைக் கத்தியோட அமுக்கிட்டாங்க. நான் சொன்னது ஆறு பேரு காதுலயும் விழுந்திருக்கு, அதனால என்னையும் கட்டிட்டாங்க. நான் மட்டும் சட்டப்படி "நான் இல்லை"ன்னு சொல்லியிருந்தா அந்த ஆளு தொப்பியை மாட்டிக்கிட்டு, கத்தியை வெளியவே காட்டாம வீட்டுக்குப் போயிருப்பாரு. மூணாவது தடவையும் சாட்சி இருந்திருக்காது. அது வேற விஷயம். நான் செஞ்சது தப்பு, தப்புதான்.

அப்புறம் எட்டாவது கூடாரத்துல ஒரு குலத்தலைவர் நிஜ ராசாவைக் கண்டுபிடிச்சாரு. சடங்கு நிக்கலை. ராசா குதிரையை விரட்டிக்கிட்டு வந்து வேணும்னே கீழ விழணும், அவன் மேல கம்பளத்தைப் போத்தணும், அதுவும் ஒரு வழக்கம். யெருகு விழுந்தான். நல்லாவே விழலை ஐயா. நான் இன்னும் நல்லா விழுவேன். அப்புறம் சடங்குக்குன்னு அடுக்கி வச்ச விறகு மேட்டுல ஏறி நின்னு, "எனக்குத் தகுதி இல்லை, சித்தப்பா இருக்காரு, அண்ணன்மார் இருக்காங்க, நல்லவரா ஒருத்தரைப் பார்த்துக்குங்க"ன்னு கேக்கணும். கேட்டான். சித்தப்பா கை கால் கட்டி, வாயில துணியோட என் பக்கத்துல கிடந்தாரு. "உங்களை விட்டா யாரு இருக்கா"ன்னு மிச்சம் இருந்த எல்லாத் தலைவரும் ஒரே குரல்ல சொன்னாங்க.

சியாபூவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. அந்தப் பேரையே இப்ப யாரும் சொல்றதில்லை. நான் சொல்லுவேன், என்னை இதுக்கு மேல எங்க அனுப்புவாங்க?

அடுத்து என் முறை. எல்லாரும் தோலை உரின்னாங்க. யெருகு என் முகத்தைப் பார்க்கலை. தரையைப் பார்த்துக்கிட்டே தீர்ப்பு சொன்னான். "கத்தியை வாங்கினவன், தோல் தப்பிச்சிடுச்சு, விடுங்க. ஆனா இனி என் கண்ணுல படக்கூடாது. தெக்கு ஆத்துத் துறையில பனி பார்க்கட்டும். நடு ஆத்தைத் தாண்டக்கூடாது." அப்புறம் ஒண்ணு சொன்னான் பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை. "இப்படி ஒருத்தனைப் பெத்தவ நம்ம மண்ணுல இருக்கக்கூடாது. மதிலுக்குத் தெக்கே தள்ளிடுங்க. எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லாரும் சம்மதம்னாங்க. விடுதலைன்னு கேட்டப்போ ஒருத்தன் தலையாட்டலை. தண்டனைன்னதும் அத்தனை தலையும் ஆடுது. சனங்க குணமே அப்படித்தான்.

மரியாதையா, மாலை போட்டு ஊருக்குப் போக வேண்டியவ ஐயா. ராசாவுக்குப் பால் குடுத்தவ. நான் ஒரு வார்த்தை பேசி அவளைக் குத்தவாளியாக்கிட்டேன். எனக்கு ராத்திரி தூக்கம் வராததுக்கு நெஞ்சுத் தழும்பு காரணமில்லை.

பதினஞ்சு நாள் கழிச்சு அவ வண்டி இந்தத் துறைக்கு வந்தது. ரெண்டு மாடு பூட்டின வண்டி, புதுக் கம்பளம், நாலு ஆடு, நரித்தோல் அங்கி, காவலுக்கு மூணு குதிரைக்காரங்க. யெருகுவுக்கு ஒருத்தருக்கு ஒழுங்காத் தண்டனை குடுக்கவும் தெரியாது. நான்தான் முன்னாடி நடந்தேன். காலால தட்டித் தட்டிப் பார்த்து, வண்டிக்கு வழி காட்டிக்கிட்டே போனேன். அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் பனி பார்த்ததில்லை. நடு ஆத்துல நின்னுட்டேன். அதுக்கு மேல எனக்கு அனுமதி இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினா. கால்ல விழப் போனேன், பிடிச்சுக்கிட்டா. என் மூக்கை அவ அங்கிக் கையால துடைச்சா. "அம்மா, நான் கெடுத்துட்டேன்"னேன். அவ சிரிக்க ஆரம்பிச்சிட்டா. "ரெண்டு பேரும்..."னு ஆரம்பிச்சா, முடிக்கலை, சிரிப்பு. அப்புறம் அழுகை, அப்புறம் மறுபடி சிரிப்பு. வண்டி அக்கரை ஏறி மறையற வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. பாவம், அவமானத்துல புத்தி கலங்கிப்போச்சு. பதினோரு வருசம் ஆச்சு.

யெருகுவா? வருவான். வருசா வருசம் குளிர்காலத்துல மீன் பிடிக்கப் படை பரிவாரத்தோட இந்தப் பக்கம் வருவான். பத்துக் கல் மேற்கே அருமையான துறை இருக்கு, ஆழமில்லை, கரை சமமா இருக்கும். அதை விட்டுட்டு இந்தத் துறைக்குத்தான் வருவான். சின்ன வயசுலயே அவனுக்கு வழி தெரியாது. நான் அவன் கண்ணுல படக்கூடாதில்லையா, தலையோட கம்பளத்தைப் போத்திக்கிட்டு முதுகைக் காட்டி நின்னுக்குவேன். எல்லாக் குதிரையும் போயிடும். ஒரு குதிரை மட்டும் எனக்குப் பின்னாடி வந்து நிக்கும். ரொம்ப நேரம் நிக்கும். மூச்சு விடுறது கேக்கும். அப்புறம் போயிடும். இளைப்பாற நிக்குதோ என்னவோ.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். வேண்டாம், சொல்லாதீங்க. போன வருசம் ஒரு குதிரை வியாபாரி சொன்னான். அதுக்கு முந்தி ஒரு சாமியார் சொன்னாரு. எல்லாம் அவன் போட்ட திட்டம், உன் அம்மாவை அனுப்பறதுக்கும் சேர்த்துத்தான்னு. இருக்கட்டும். அப்படின்னா அவன் தெரிஞ்சே என்னைக் கத்திக்கு முன்னாடி உக்கார வச்சான்னு ஆகுது. அதுக்கு நான் மடையனாவே இருந்துட்டுப் போறேன். மடையனா இருந்தா எனக்கு ஒரு அண்ணன் தம்பி மிச்சம்.

காத்து திரும்பிடுச்சு பாருங்க. எழுந்திருங்க, மூட்டையை இறுக்கிக் கட்டுங்க. நடு ஆறு வரைக்கும் என் கால்தடத்தை விட்டு விலகாதீங்க, அதுக்கப்புறம் அக்கரை வரைக்கும் கெட்டிதான்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தெக்கே நாலு நாள் நடை, சிங்ஹேன்னு ஒரு ஊரு, எங்க அம்மா பொறந்த ஊரு. அதுல சாயக்காரத் தெரு. லியூன்னு ஒரு அம்மா, வயசானவ, இடது காது நுனி கொஞ்சம் அறுந்திருக்கும், ஆட்டை எங்க பாஷையில திட்டுவா. உயிரோட இருந்தா, மொகோ மன்னிப்புக் கேட்டான்னு சொல்லுங்க. ஆனா எடுத்ததும் அதைச் சொல்லிடாதீங்க. அவ முதல்ல யெருகு எப்படி இருக்கான்னுதான் கேப்பா. நல்லா இருக்கான், உடம்பு போட்டிருக்கான்னு சொல்லுங்க. சாப்பிடறானா, இருமல் இருக்கா, இன்னும் வெறும் தலையோட குதிரை ஏறுறானான்னு கேட்டுக்கிட்டே போவா. எல்லாத்துக்கும் பொறுமையாப் பதில் சொல்லுங்க. கேட்டு முடிச்சிட்டா உடனே எழுந்து வந்துடாதீங்க ஐயா. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருங்க. என்னைப் பத்தியும் கேப்பா.